பத்து லட்சம் பகிர்வு வந்தால் பரிசு: அந்த எண் யாருக்காக?

கேள்வி இதுதான். கேட்டவரின் அக்கா மகன் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையில் பிளஸ் டூ படிக்கிறான். அவன் விளையாடும் கைப்பேசி விளையாட்டுக்கு அடுத்த மாதம் பெரிய அப்டேட் வருகிறது. பகிர்வு பத்து லட்சத்தைத் தொட்டால் ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் விளையாட்டுப் பாத்திரத்துக்கான ஓர் உடையும், துப்பாக்கியின் தோற்றத்தை மாற்றும் ஸ்கினும் இலவசம் என்று அந்த நிறுவனம் தன் பக்கத்தில் அறிவித்திருக்கிறது. பையன் பள்ளி வாட்ஸ்அப் குழுக்களில் அதைப் போடுகிறான். அம்மாவின் கணக்கிலிருந்தும், பாட்டி பெயரில் தானே திறந்த கணக்கிலிருந்தும் பகிர்கிறான். இதில் நிறுவனத்துக்கு என்ன கிடைக்கிறது, பையனுக்கு ஏதாவது போகிறதா, தடுக்க வேண்டுமா என்று தாய்மாமன் கேட்டிருக்கிறார்.

என் ஊர் எருத்தேம்பதிப் பக்கம். கொச்சியில் ஒரு விளையாட்டு வெளியீட்டு நிறுவனத்தில், சமூக ஊடகப் பக்கங்களைக் கவனிக்கும் வேலையில் சில ஆண்டுகள் இருந்தேன். அதனால் இந்தக் கேள்விக்கு உள்ளே இருந்து பார்த்தவனாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் சுருக்கமாக: அந்த உடை ஏற்கெனவே வரைந்து முடிந்து, அப்டேட் கோப்புக்குள் உட்கார்ந்திருக்கும். பத்து லட்சம் வந்தாலும் வராவிட்டாலும் ஏதோ ஒரு வழியில் அது வெளியே வரத்தான் போகிறது. பகிர்வு எண்ணிக்கையின் வேலை வேறு. விளையாட்டை விட்டுப் போனவர்களின் கண்ணில் மறுபடியும் விளையாட்டின் பெயரைப் படவைப்பதற்காகவே அந்த எண் வைக்கப்படுகிறது. உங்கள் பையன் சம்பளம் வாங்காமல் செய்துகொண்டிருப்பது அந்த வேலையைத்தான்.

எப்படி என்று சொல்கிறேன். ஓர் இலவச விளையாட்டைப் பத்துப் பேர் இறக்கினால் ஒரு மாதத்துக்குப் பிறகும் விளையாடுகிறவர்கள் மிகச் சிலரே. மற்றவர்கள் நீக்கிவிடுவார்கள், அல்லது திறக்காமல் விட்டுவிடுவார்கள். புதிய ஆளை விளம்பரம் போட்டுப் பிடிக்கப் பணம் செலவாகிறது. பழைய ஆளைத் திருப்பிக் கூட்டிவருவது அதைவிட லாபம். அவருக்கு விளையாட்டு ஏற்கெனவே தெரியும், அதில் நண்பர்கள் இருக்கிறார்கள், முன்பு காசு போட்டு வாங்கிய பொருள்கூட அவர் கணக்கில் கிடக்கும். அவரை இழுக்க ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணம்தான் அப்டேட். ஆனால் விட்டுப்போனவர் நிறுவனத்தின் பக்கத்தைப் பார்ப்பதில்லை. அவர் பார்ப்பது தன் நண்பர்களின் பதிவை. ஆகவே செய்தி நண்பன் கையிலிருந்து போக வேண்டும். நண்பனைப் பகிரவைக்க ஒரு பரிசு வேண்டும். பரிசுக்கு ஆகும் செலவோ ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஓர் உடையை ஒருமுறை வரைந்துவிட்டால் அதைப் பத்துப் பேருக்குக் கொடுப்பதும் பத்துக் கோடிப் பேருக்குக் கொடுப்பதும் கணினிக்கு ஒன்றுதான்.

இலக்கை நிர்ணயிக்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த இடத்தில் முந்தைய அப்டேட்டுக்கு எவ்வளவு பகிர்வு வந்தது என்று எடுத்துவைத்துக்கொண்டு, எட்டக்கூடிய ஓர் எண்ணைத்தான் கடைசிப் படியாக வைப்பார்கள். ஒரே இலக்காக வைக்கமாட்டார்கள். ஒரு லட்சத்துக்கு ஒரு சின்னப் பொருள், மூன்று லட்சத்துக்கு இன்னொன்று, பத்து லட்சத்துக்கு உடை என்று படிப்படியாக இருக்கும். ஒவ்வொரு படியும் நிறைந்ததும் ஒரு கொண்டாட்டப் பதிவு வரும். அது மறுபடி பகிரப்படும். கடைசிப் படி நெருங்கும்போது எண்ணிக்கை மெதுவானால், அந்த நேரத்தில் விளம்பரப் பணத்தைப் போட்டு எண்ணை ஏற்றிவிடுவார்கள். கடைசி இரண்டு நாளில் எண் எகிறுவதைப் பார்த்து, நாங்கள்தான் சாதித்தோம் என்று பிள்ளைகள் மகிழ்வார்கள். அந்த மகிழ்ச்சி உண்மையானது, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் எண் நகர்ந்தது அவர்களால் மட்டும் இல்லை.

எண்ணுக்கு இன்னொரு பயனும் உண்டு. வேலந்தாவளம் காய்கறிச் சந்தையில் ஏற்கெனவே பத்துப் பேர் நிற்கும் கடையிலேயே பதினோராவது ஆளும் போய் நிற்பார். எந்தப் பதிவை யாருக்குக் காட்டுவது என்று முடிவுசெய்யும் சமூக ஊடகத்தின் அல்காரிதமும் அப்படித்தான் நடந்துகொள்கிறது. ஒரு பதிவு வெளியான முதல் சில மணி நேரத்தில் லைக், கருத்து, பகிர்வு குவிந்தால், அதைப் பின்தொடராதவர்களுக்கும் எடுத்துக் காட்டுகிறது. விளம்பரமாகக் காட்டியிருந்தால் காசு கொடுத்து வாங்க வேண்டிய இடம் அது.

இந்தத் தந்திரம் புதிதும் இல்லை, இது தெரிந்து சமூக ஊடகங்களே கடிவாளம் போட்டதும் உண்டு. 2009இல் ஃபேஸ்புக்கில் வந்த ஃபார்ம்வில் விளையாட்டு, நண்பர்களை அழைத்தால்தான் பண்ணை விரியும் என்ற முறையிலேயே வளர்ந்தது. பிறகு பக்கத்தை லைக் செய்தால்தான் பரிசு என்று எல்லோரும் கேட்க ஆரம்பித்தார்கள். 2014 நவம்பர் 5 முதல் ஃபேஸ்புக் அதைத் தடுத்தது. பக்கத்தை லைக் செய்வதற்குக் கூலியாகச் செயலிகள் பரிசு தரக்கூடாது என்றது. 2017 டிசம்பரில், லைக் போடுங்கள், நண்பரை டேக் செய்யுங்கள், பகிருங்கள் என்று கெஞ்சும் பதிவுகளின் வீச்சைக் குறைப்போம் என்றும் அறிவித்தது. உங்கள் டைம்லைனில் பகிர்ந்தால்தான் போட்டியில் சேரலாம் என்று நிபந்தனை போடுவதற்கும் அதன் பக்க விதிகளில் இடமில்லை. ஆகவேதான் இப்போது தனி ஆளுக்கு நிபந்தனை போடாமல், எல்லோரும் சேர்ந்து ஓர் எண்ணைத் தொட்டால் எல்லோருக்கும் பரிசு என்று மாற்றி எழுதுகிறார்கள். நீங்கள் பகிராவிட்டாலும் உடை உங்களுக்கு வரும். இதைப் பையனிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவன் ஒரு பகிர்வுகூடச் செய்யாமல் தூங்கினாலும், இலக்கு எட்டினால் அதே உடை அவன் கணக்குக்கும் வந்துசேரும்.

இந்தியாவில் இந்த எண்ணாசை பெருகியது முன்பதிவு வழியாக. 2020 செப்டம்பர் 2இல் பப்ஜி மொபைல் உட்பட 118 செயலிகளை ஒன்றிய அரசு தடைசெய்தது. அந்த வெற்றிடத்தில் பெங்களூரு என்கோர் கேம்ஸ் நிறுவனத்தின் ஃபௌஜி விளையாட்டை நடிகர் அக்‌ஷய் குமார் அறிவித்தார். அந்த நவம்பர் 30இல் கூகுள் பிளேயில் முன்பதிவு திறந்ததும் ஒரே நாளில் 10 லட்சத்தைத் தாண்டியது. 2021 ஜனவரி 26இல் விளையாட்டு வந்தது. வந்தபின் ஆட்டக்காரர்கள் எதிர்பார்த்தது அதில் இல்லாததால் பிளே ஸ்டோர் மதிப்பீடு வேகமாகச் சரிந்தது. அதே 2021 மே 18இல் கிராஃப்டன் நிறுவனம் பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியாவுக்கு முன்பதிவு திறந்து, முன்பதிவு செய்தவர்களுக்கு உடை, முகமூடி என்று பரிசு அறிவித்தது. இரண்டு வாரத்தில் 2 கோடி என்றது. ஜூலை 2இல் வெளியிட்டது. அந்த விளையாட்டு நிலைத்தது. 2022 ஜூலையில் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு, 2023 மே மாதம் திரும்பி வந்தபோதும் ஆட்டக்காரர்கள் திரும்பினார்கள். இரண்டுக்கும் முன்பதிவு எண் பிரம்மாண்டமாகத்தான் இருந்தது. எது நிலைக்கும் என்பதை அந்த எண் முன்கூட்டிச் சொல்லவில்லை. முன்பதிவு செய்தவருடைய கைப்பேசிக்கு வெளியீட்டு நாளில் அறிவிப்பு போகும், அந்த அறிவிப்புதான் நிறுவனத்துக்கு வேண்டிய சரக்கு.

எண்ணிக்கைப் பிரசாரங்கள் எல்லாமே வெறும் விளம்பரம் என்று சொல்லிவிடவும் முடியாது. ஆட்டக்காரர்களுக்கு உண்மையில் அதிகாரம் கொடுத்தவையும் உண்டு, கொடுப்பதுபோல் காட்டியவையும் உண்டு. இந்த வித்தியாசத்தைப் பையன் புரிந்துகொண்டால் அடுத்த பத்து வருடத்துக்கு அவனுக்கு உதவும் என்று நினைப்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

மைன்கிராஃப்ட் விளையாட்டை அவனும் தம்பி தங்கைகளும் கட்டாயம் அறிந்திருப்பார்கள். அதை உருவாக்கும் மோஜாங் நிறுவனம் 2017 முதல், அடுத்த அப்டேட்டில் எந்தப் புதிய உயிரினத்தைச் சேர்க்கலாம் என்று வாக்கெடுப்பு நடத்தியது. 2017இல் நான்கில் ஒன்று ஜெயித்தது, பிந்தைய உயிரின வாக்கெடுப்புகளில் மூன்றில் ஒன்று. 2020இல் இந்த வாக்கெடுப்பு ட்விட்டரில் நடந்தது. ஒளிரும் கணவாய் ஒன்று, பூ முளைத்த மாடு ஒன்று, பனிக்கட்டியை எறியும் எதிரி ஒன்று. கோடிக்கணக்கான ரசிகர்கள் கொண்ட ஒரு யூடியூபர் கணவாய்க்கு ஆதரவு திரட்டினார். கணவாய் ஜெயித்தது. 2021 ஜூனில் அது விளையாட்டுக்குள் வந்தபோது, இருட்டில் மின்னுவதைத் தவிரவும் மை கொடுப்பதைத் தவிரவும் அதனால் பெரிய பயன் இல்லை என்று வாக்களித்தவர்களிலேயே பலர் குறைப்பட்டார்கள். விளையாட்டே ஆடாதவரும் ட்விட்டர் கணக்கு இருந்தால் வாக்களிக்கலாம் என்ற நிலை தவறானது என்பது என் கருத்து. மோஜாங்கும் பிறகு வாக்கெடுப்பைத் தன் சொந்தத் தளத்துக்கும் விளையாட்டுக்குள்ளும் மாற்றியது.

ஆனாலும் அடிப்படைக் குறை தீரவில்லை. ஜெயித்தது ஒன்று, தோற்றது இரண்டு. தோற்றவற்றை விரும்பியவர்கள் ஒவ்வொரு முறையும் ஏமாந்தார்கள். மூன்றையும் உருவாக்க வசதியுள்ள நிறுவனம் எங்களை ஏன் மோதவிடுகிறது என்று கேட்டார்கள். 2023இல் இந்த வாக்கெடுப்பையே நிறுத்தக் கோரி லட்சக்கணக்கானோர் இணையத்தில் கையெழுத்திட்டார்கள். அந்த வருடம் நண்டையும் பென்குயினையும் தோற்கடித்து அர்மடில்லோ என்ற கவச விலங்கு ஜெயித்தது. 2024 செப்டம்பரில், இனி வாக்கெடுப்பு இல்லை, வருடத்துக்கு ஒரு பெரிய அப்டேட்டுக்குப் பதில் சிறு சிறு அப்டேட்டுகளாக அவ்வப்போது தருகிறோம் என்று மோஜாங் சொல்லிவிட்டது. ஏழு வருடம் அந்த வாக்கெடுப்பு உலகம் முழுவதும் பேசப்பட்டது, சுவரொட்டி வரைந்தார்கள், அணி பிரிந்து சண்டையிட்டார்கள். அத்தனை பேச்சும் நிறுவனத்துக்கு இலவசமாகக் கிடைத்தது. அதைத் தாங்களாகவே கைவிட்டார்கள் என்பதால் அவர்கள்மேல் எனக்கு மதிப்பு உண்டு.

இதற்கு நேர் எதிரே பிரிட்டனின் ஜேகெக்ஸ் நிறுவனம் நடத்தும் ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப், அதாவது ரூன்ஸ்கேப் இணைய விளையாட்டின் பழைய பதிப்பு. 2013இல் ஆட்டக்காரர்களிடம் வாக்கெடுத்தே அந்தப் பழைய பதிப்பைத் திறந்தார்கள். அதற்குப் பிறகு பெரிய புதிய அம்சங்களை விளையாட்டுக்குள்ளேயே வாக்குக்கு வைத்தார்கள். 75 சதவீதம் ஆதரவு கிடைக்காதது வராது என்று தங்களைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். 2022இல் அதை 70 சதவீதமாகக் குறைத்தார்கள். தோற்ற யோசனைகள் உண்மையிலேயே கைவிடப்பட்டன. அங்கே பகிர்வும் இல்லை, ஹேஷ்டேக்கும் இல்லை. விளையாடுகிறவர் மட்டும் வாக்களிக்கிறார், அவர் வாக்கு நிறுவனத்தைக் கட்டுப்படுத்துகிறது. ஒரு பிரசாரம் நேர்மையானதா என்று பார்க்க நான் கேட்கும் கேள்வி இதுதான்: எண் எட்டாவிட்டால் நிறுவனம் எதை இழக்கும்? ரூன்ஸ்கேப்பில் மாதக்கணக்கில் யோசித்த ஓர் அம்சத்தையே இழப்பார்கள். உங்கள் பையனுடைய உடை விஷயத்தில் ஒன்றையும் இழக்கமாட்டார்கள்.

போக்கிமான் என்ற கற்பனை உயிரினங்களைப் பிடிக்கும் போக்கிமான் கோ விளையாட்டு 2017 நவம்பரில் வைத்த சவாலையும் இங்கே சேர்க்கலாம். உலகம் முழுவதும் ஆட்டக்காரர்கள் சேர்ந்து ஒரு வாரத்தில் 300 கோடி போக்கிமான்களைப் பிடிக்க வேண்டும் என்றார்கள், பிடித்தார்கள். எண்ணியது விளையாட்டுக்குள் நடந்த வேலையை. பாட்டி பெயரில் கணக்கு திறந்து அந்த எண்ணை ஏற்ற வேண்டிய தேவை யாருக்கும் வரவில்லை.

பகிர்வைக் கேட்டு வாங்கும் நிறுவனங்களுக்கு அது திருப்பி அடித்த கதையும் உண்டு. கென்ஷின் இம்பாக்ட் விளையாட்டின் முதல் ஆண்டு நிறைவு 2021 செப்டம்பர் 28இல் வந்தது. சமூக ஊடகங்களில் பகிர்ந்து, படம் வரைந்து, வீடியோ போட்டுப் பங்கெடுங்கள் என்று போட்டிகள் வைத்தார்கள். ஆனால் பரிசு கிடைப்பது சிலருக்குத்தான். எல்லோருக்கும் பொதுவாகக் கிடைப்பது குறைவாக இருந்தது. ஒரு வருடமாகக் காசும் நேரமும் போட்டவர்கள் கொதித்தார்கள். பிளே ஸ்டோரில் ஒரு நட்சத்திர மதிப்பீடுகள் குவிந்தன. கோபம் வழிந்து, சம்பந்தமே இல்லாத கூகுள் கிளாஸ்ரூம் செயலிக்குக்கூட ஒரு நட்சத்திரம் போட்டார்கள். அது நியாயமில்லை. ஆனால் விளையாட்டை உருவாக்கிய மிஹோயோ நிறுவனம் அடுத்த சில நாட்களில், நான்கு நாளில் மொத்தம் 1600 பிரைமோஜெம் (விளையாட்டுக்குள் செலவழிக்கும் நாணயம்) என்று எல்லோருக்கும் அனுப்பியது. புகழைக் கூட்டுவதற்காகக் கூட்டப்பட்ட கூட்டமே நிறுவனத்தைக் கேள்வி கேட்டது.

2024 மே மாதம் ஹெல்டைவர்ஸ் 2 விளையாட்டில் இன்னும் பெரிதாக நடந்தது. கணினியில் விளையாடுகிறவர்களும் பிளேஸ்டேஷன் கணக்கு இணைத்தே ஆக வேண்டும் என்று அதை வெளியிட்ட சோனி அறிவித்தது. அந்தக் கணக்கே திறக்க முடியாத நாடுகள் பல உண்டு. வாரக் கடைசிக்குள், கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேல் எதிர்மறை விமர்சனங்கள் விழுந்தன. சோனி பின்வாங்கியது. அதைத் தூண்டியது எந்தப் பரிசும் இல்லை. ஆட்டக்காரர்கள் சேர்ந்து எழுப்பும் குரலுக்கு வலிமை உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அந்த வலிமையை ஓர் உடைக்காகச் செலவழிக்கிறார்கள் என்பதில்தான் என் மனம் வருந்துகிறது.

ஒரு பரிசும் தராமல் உலகத்தையே பார்க்கவைத்தவர்களையும் சொல்லிவிடுகிறேன். 2019 அக்டோபர் 13இல் ஃபோர்ட்நைட் விளையாட்டின் முழு உலகமும் ஒரு கருந்துளைக்குள் விழுந்தது. இரண்டு நாள் திரையில் அந்தத் துளை மட்டும்தான் இருந்தது, நிறுவனத்தின் ட்விட்டர் பக்கத்திலும் பழைய பதிவுகள் எல்லாம் நீக்கப்பட்டிருந்தன. அக்டோபர் 15இல் புதிய வரைபடத்தோடு இரண்டாம் அத்தியாயம் திறந்தது. நோ மேன்ஸ் ஸ்கை விளையாட்டு இன்னொரு வகை. 2016 ஆகஸ்டில் வெளியானபோது வாக்குறுதி கொடுத்த பல அம்சங்கள் இல்லாமல் கடும் வசை வாங்கியது. அந்தச் சிறிய குழு பேச்சைக் குறைத்து, வருடக்கணக்கில் இலவச அப்டேட்டுகளைக் கொடுத்தது. அதன் தலைவர் ஷான் மர்ரே அப்டேட் வருமுன் ட்விட்டரில் ஒரே ஓர் எமோஜி போடுவார். அந்த ஒரு படத்தை வைத்து ரசிகர்கள் நாள்கணக்கில் ஊகிப்பார்கள். 2024 இறுதியில் ஸ்டீமில் அதன் ஒட்டுமொத்த மதிப்பீடு மிக நன்று என்ற நிலையைத் தொட்டது. எட்டு வருட உழைப்பு அது.

அடுத்து, பையன் பார்க்கும் யூடியூபர்கள். அப்டேட் வாரத்தில் அவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே அம்சத்தைப் புகழ்ந்தால், பின்னால் ஓர் ஒப்பந்தம் இருக்க வாய்ப்பு அதிகம். அமெரிக்காவில் 2014இல் வந்த ஷேடோ ஆஃப் மோர்டார் விளையாட்டுக்காக வார்னர் பிரதர்ஸ் பிரபல யூடியூபர்களுக்குப் பணம் கொடுத்து, நல்லவிதமாகப் பேசவைத்து, பணம் கொடுத்ததைப் பார்வையாளருக்குத் தெளிவாகச் சொல்லாமல் விட்டது. அங்குள்ள வணிக ஆணையம் வழக்குப் போட்டு 2016இல் அந்த வழக்கம் கூடாதென்று உடன்பாடு வாங்கியது. இங்கே இந்திய விளம்பரத் தர மன்றம் 2021 ஜூன் முதல், பணமோ பொருளோ வாங்கிப் பேசுகிறவர்கள் அதைப் பதிவிலேயே தெரியும்படி சொல்ல வேண்டும் என்று விதித்திருக்கிறது. 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதலும் வந்தது. தவறான விளம்பரத்துக்கு முதல்முறை 10 லட்சம் ரூபாய் வரையும் மறுமுறை 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. தமிழ், மலையாள விளையாட்டு வீடியோக்களில் இந்த அறிவிப்பு எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்கப் பையனுக்குக் கற்றுக்கொடுங்கள். பெரும்பாலும் வீடியோவின் தொடக்கத்தில் சிறிய எழுத்தில் வந்து போகும், அல்லது விளக்கக் குறிப்பின் அடியில் கிடக்கும்.

நம் ஊருக்கென்று ஒன்று சொல்ல வேண்டும், இதை வேறு யாரும் சொல்லமாட்டார்கள். நிறுவனங்கள் பிரசாரத்தை மாநிலவாரியாகப் பிரிக்கின்றன. கேரளம் என்றால் மலையாளப் பக்கம், மலையாள யூடியூபர்; தமிழ்நாடு என்றால் தமிழ். வடகரப்பதியிலும் கொழிஞ்சாம்பாறையிலும் வீட்டில் தமிழ் பேசி, தமிழ்வழியில் படிக்கும் பிள்ளை, இருப்பிடத்தால் கேரளக் கணக்கில் விழுகிறான். எங்கள் வாராந்திர அறிக்கையில் பாலக்காட்டுத் தமிழ்க் கருத்துகள் கேரளப் பத்தியில் வந்து சேரும். அதைப் படிக்க உட்கார்ந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. எண்ணில் சேர்த்துக்கொள்வார்கள், என்ன எழுதியிருக்கிறான் என்று பார்க்கமாட்டார்கள். நான் இருந்த காலத்தில் அவற்றைத் தனியே பிரித்து மொழிபெயர்த்துக் கொடுத்தேன். விளையாட்டு நடுவில் நின்றுபோகிறது, பழைய கைப்பேசியில் சூடாகிறது, ரீசார்ஜ் செய்த பணம் வரவில்லை என்று எவ்வளவோ உருப்படியான புகார்கள் அதில் இருந்தன. மூணாறு, வண்டிப்பெரியாறு எஸ்டேட் பிள்ளைகளின் புகார்களும் அப்படியே. ஆந்திரத்தின் நகரிப் பக்கத்தில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு தெலுங்கோடு இதே கதை. ஆகவே பிரசாரப் பதிவின் கீழ் குறை எழுதிப் பயனில்லை. விளையாட்டின் அமைப்புகளுக்குள் இருக்கும் உதவிப் பகுதியில், கைப்பேசியின் பெயரும் விளையாட்டுப் பதிப்பு எண்ணும் குறிப்பிட்டு, ஸ்கிரீன்ஷாட் ஒன்றையும் இணைத்து அனுப்பினால் அதற்கு ஒரு புகார் எண் விழும். புகார் எண் விழுந்த பிறகு யாராவது ஒருவர் அதை மூடியாக வேண்டும்.

இனி, பையனுக்கு என்ன போகிறது என்ற கேள்வி. தன் சொந்தக் கணக்கிலிருந்து ஒருமுறை பகிர்வதால் எதுவும் போகாது. அவனுக்குப் பிடித்த விளையாட்டு, சந்தோஷமாகப் பகிரட்டும். ஆபத்து இருப்பது மற்ற மூன்று இடங்களில்.

ஒன்று, பாட்டி பெயரிலுள்ள கணக்கு. ஃபேஸ்புக் விதிப்படி அது போலிக் கணக்கு. ஒரே கைப்பேசியிலிருந்து பல கணக்குகள் ஒரே பதிவைத் தொடர்ந்து பகிர்ந்தால், அவற்றை முடக்க அந்நிறுவனம் தயங்காது. பையன் விளையாட்டுக்குள் நுழைவதே ஃபேஸ்புக் கணக்கு வழியாக என்றால், முடக்கம் அவனுடைய உண்மையான கணக்கையும் தொட்டுவிட்டால் இத்தனை நாள் சேர்த்த நிலை, பொருள், நண்பர் பட்டியல் எல்லாம் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுவிடும்.

இரண்டு, பிரசாரத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் மோசடிப் பக்கங்கள். உண்மையான நிறுவனம் பரிசு அறிவித்த அதே நாளில், அதே படத்தோடு, பெயரில் ஓர் எழுத்து மாறிய பக்கங்கள் முளைக்கும். இலக்கு எட்டிவிட்டது, உங்கள் பரிசைப் பெற இங்கே உள்நுழையுங்கள் என்று ஒரு சுட்டி தருவார்கள். அங்கே கடவுச்சொல் கொடுத்தால் கணக்கு கைமாறும். ஓடிபி கேட்டுக் கொடுத்தால் வங்கிக் கணக்கே கைமாறலாம். தடைசெய்யப்பட்ட விளையாட்டுகளைச் சுற்றி இது இன்னும் மோசம். ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியில் தடைசெய்யப்பட்டது. 2023இல் மகேந்திர சிங் தோனியை விளம்பரத் தூதராக வைத்து, செப்டம்பர் 5இல் இந்தியப் பதிப்பு வருகிறது என்று அறிவித்தார்கள். முந்தைய நாள் தேதியைத் தள்ளிவைத்தார்கள். பரபரப்பு உண்டு, விளையாட்டு கடையில் இல்லை என்ற நிலையைப்போல மோசடிக்காரர்களுக்கு வசதியானது வேறில்லை. பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து இறக்கும் கோப்பு எதையும் அக்காவின் வங்கிச் செயலி இருக்கும் கைப்பேசியில் வைக்கவிடாதீர்கள். நிறுவனம் எல்லோருக்கும் தரும் பரிசு விளையாட்டுக்குள் இருக்கும் அஞ்சல் பெட்டிக்கே வரும். அதற்கு வெளியே எங்கும் உள்நுழையத் தேவையில்லை.

மூன்று, தகவல். பகிர்வோடு நிற்காமல் பெயர், பிறந்த நாள், கைப்பேசி எண் கேட்டு ஒரு படிவம் நிரப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவரின் தகவலைப் பயன்படுத்தப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும் தடுக்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. சட்டம் முழுதாக இறங்கும்வரை காவல் வீட்டிலிருந்துதான்.

தடுக்க வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். தடுத்தால் உங்கள் கண் படாத கைப்பேசியில் செய்வான். இன்றைக்கே அவனோடு உட்கார்ந்து, பாட்டி பெயரில் திறந்த கணக்கில் யாருடைய கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் இருக்கின்றன என்று பாருங்கள். அக்காவின் எண் இருந்தால் முதலில் அதை எடுத்துவிட்டுக் கணக்கை நிரந்தரமாக நீக்குங்கள். விளையாட்டுக் கணக்கை ஃபேஸ்புக்கோடு மட்டும் விடாமல் கூகுள் கணக்கோடும் இணைத்து, இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுவிடுங்கள். ஏற்கெனவே எங்காவது கடவுச்சொல்லோ ஓடிபியோ கொடுத்திருந்தால் திட்டாமல் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பணம் போயிருந்தால் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள், கேரளமானாலும் தமிழ்நாடானாலும் அதே எண்தான். அப்டேட் வந்து ஒரு வாரம் கழிந்ததும், நிறுவனம் வெளியிட்ட மாற்றங்களின் பட்டியலை அவனிடம் கொடுத்து, இதில் எது உண்மையிலேயே வந்தது, எது வேலை செய்யவில்லை என்று குறிக்கச் சொல்லுங்கள். வேலை செய்யாததைப் பற்றிய புகாரை உதவிப் பகுதியில் அவன் கையாலேயே, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.